மதனப்பள்ளிச் சிறுவர் வழக்கும் கேட்கப்படாத கேள்வியும்

வீட்டில் குழந்தைகளுக்கு எல்லை வகுப்பது குறித்த விவாதங்கள் பெரும்பாலும் எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. அந்த எல்லையை வகுக்கும்போது குழந்தையின் கருத்து கேட்கப்பட்டதா என்னும் கேள்வி அரிதாகவே எழுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அக்கேள்வி லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அதற்குக் காரணமானவர்கள் மதனப்பள்ளிக் குடும்பத்துச் சிறுவர் இருவர்.

ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தார். அன்று கடப்பை மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுடன் இணைந்தது. தாய் சஞ்சீவம்மா 1905இல் மறைந்தார். வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தந்தை நாராயணய்யா, 1909இல் பிள்ளைகளுடன் அடையாறு பிரம்மஞான சபைக்குக் குடிபெயர்ந்தார். பாடம் ஒப்பிக்க இயலாத கிருஷ்ணமூர்த்திக்குப் பள்ளியில் பிரம்படியே மிஞ்சியது.

சபையின் மூத்தவரான லெட்பீட்டர், உலக ஆசானாகப் போகிறவர் என்று கருதி அவரைத் தம் பொறுப்பில் ஏற்றார். பள்ளி நின்றது, ஆனால் குளியல், உணவு, உடற்பயிற்சி, பாடம் ஆகிய அனைத்தும் கடுமையான ஒழுங்குக்குள் வந்தன. வாயைத் திறந்தபடி நின்றதற்காக லெட்பீட்டர் ஒருமுறை அவரது தாடையில் அடித்தார். அந்த அடியோடு தமக்கும் அவருக்குமான உறவு முறிந்ததாகக் கிருஷ்ணமூர்த்தி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1910இல் கிருஷ்ணமூர்த்தி, அவர் தம்பி நித்யானந்தா ஆகிய இருவரின் பாதுகாவலையும் தந்தை அன்னி பெசன்டிடம் ஒப்படைத்தார். பின்னர் மனம் மாறி, 1912இல் வழக்குத் தொடுத்தார். சிறுவர்கள் அப்போது இங்கிலாந்தில் இருந்தனர். 1913இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1914 மே மாதம் பிரிவி கவுன்சில் அதனை மாற்றியது. தந்தை அளித்த ஒப்புதல் திரும்பப் பெறத்தக்கதே என்பதை அது ஏற்றது. எனினும், சிறுவர்களின் நலனை ஆராயாமலும் அவர்களது விருப்பத்தை அறியாமலும் அவர்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப ஆணையிட்டது தவறு என்று கூறியது.

இது முற்றிலும் புதிய கருத்தன்று. தன் விருப்பத்தை அறிவோடு உணர்த்தும் வயதுடைய சிறாரின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் முன்பே கூறியிருந்தது. கவனிக்கத்தக்கது 'கருதலாம்' என்னும் சொல்லாட்சி. விருப்பம் அங்கே பல காரணிகளுள் ஒன்று. இறுதி முடிவு நீதிமன்றத்துடையது. கேட்பது வேறு, இணங்குவது வேறு என்னும் தெளிவு அச்சட்டத்தில் உள்ளது.

இத்தெளிவே வீட்டில் பெரிதும் தவறிப்போகிறது. குழந்தையைக் கேட்டால் அதிகாரம் போய்விடும் என்று ஒரு சாரார் அஞ்சுகின்றனர். கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது என்று மறுசாரார் தயங்குகின்றனர். உறங்கும் நேரத்தையோ கைப்பேசி பார்க்கும் அளவையோ பெற்றோர் முடிவு செய்யலாம். ஆயினும் அதற்கான காரணத்தைச் சொல்வதும், குழந்தையின் மறுப்பை இடைமறிக்காமல் கேட்பதும், அறைக் கதவைத் தட்டி உள்ளே செல்வதும் அம்முடிவை வலுவிழக்கச் செய்வதில்லை.

அன்னி பெசன்டின் முயற்சியால் கிண்டியில் தோன்றிய பள்ளி, 1931இல் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்குக்கு இடம்பெயர்ந்தது. அச்சமும் ஒப்பீடும் இன்றி ஒழுங்கு அமைய முடியுமா என்பது கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையின் நிலையான வினா. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. அச்சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் குழந்தைக்கு மேல்முறையீடு இல்லை. கேட்கும் பொறுப்பு எல்லையை வகுப்பவர்களிடமே இருக்கிறது.