தருமத்துக்கு முன் தராசு
சேர்வராயன் மலையில் நின்று கிறித்தவப் பொருளறத்தை வாசித்தல்

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வருபவர் கண்ணில் படுபவை மூன்று: மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பித் தோட்டங்கள், நீண்ட மதிலுக்குள் உறைவிடப் பள்ளிகள், மரங்களுக்கு மேலே எட்டிப் பார்க்கும் சிலுவைகள். மூன்றும் ஏறத்தாழ கடந்த இருநூறு ஆண்டுகளில் இம்மலைக்கு வந்தவை. அவற்றுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே இங்கு வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கொண்டு கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் மரபுக்கதையில் சொல்பவர்கள். மே மாதத்தில் சேர்வராயன் குகைக்கோயிலில் விழா எடுப்பவர்கள்.

செல்வம், வறுமை, விசுவாசம் ஆகிய மூன்றையும் கிறித்தவ மறை எவ்வாறு பிணைக்கிறது என்று ஆராய இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் அரிது. தோட்ட முதலாளியும் தினக்கூலியும், ஏழ்மைக்கு வாக்களித்த துறவியரும், அவர்களிடம் படிக்க வரும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சந்தைத்தெருவில் எதிர்ப்படும் ஊர் இது.

நம் மறையுரைகளில் செல்வம் என்றதும் பேச்சு கொடுப்பதை நோக்கியே திரும்பிவிடுகிறது: காணிக்கை, தசமபாகம், ஏழைகளுக்கு அன்னதானம், கிறிஸ்து பிறப்புக்குப் புத்தாடை. நல்ல காரியங்கள்தாம். ஆனால் விவிலியத்தைப் புரட்டினால் கொடுப்பதற்கு முன் அது வேறொன்றைக் கேட்பது தெரியும். கொடுக்கும் கைக்குப் பொருள் எப்படி வந்தது? நிலம் யாருடையது, கூலி தீர்ந்ததா, எடை சரியா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் தருமத்துக்குக் கணக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நாபோத்தின் தோட்டம்

1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில்தான் காப்பிச் செடி இம்மலையில் வேரூன்றியது. பேரி முதலிய பழமரங்களையும் கொண்டுவந்து நட்ட அவரை ஏற்காட்டின் தந்தை என்பார்கள். அவருடைய கிரேஞ்சு எஸ்டேட் இன்றும் பேசப்படுகிறது. அவருக்குப் பின் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். விடுதலைக்குப் பின் தோட்டங்கள் நம்மவர் கைக்கு மாறின. உரிமையாளர் பட்டியல் மாறியபோதும் ஒன்று மாறவில்லை. தினையும் சாமையும் கேழ்வரகும் விளைவித்துவந்த மலையாளிகளில் பலர், காப்பி வளர்ந்த நிலத்தில் கூலிக்காரர் ஆனார்கள்.

நிலம் கைமாறும் கதை விவிலியத்துக்கும் புதிதன்று. பழைய ஏற்பாட்டில் அரசன் ஆகாபுக்கு அரண்மனையை ஒட்டியிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின் மீது ஆசை. அதற்குப் பதில் வேறு தோட்டம் தருவதாகவும், வேண்டுமானால் விலை தருவதாகவும் சொல்கிறான். இன்றைய பத்திரப் பதிவு அலுவலகத்தில் குற்றம் காண முடியாத பேரம்தான். மூதாதையர் நிலத்தை விற்க நாபோத்து மறுக்கிறான், பொய்ச்சாட்சியால் உயிரிழக்கிறான். இறைவாக்கினர் எலியா வந்து அரசனின் முகத்துக்கு நேரே கேட்பது இரண்டையும் பற்றித்தான்: கொலையையும், கைப்பற்றிய நிலத்தையும்.

நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயர் புனித அம்புரோசியார் இந்நிகழ்ச்சியை வைத்துத் தனி நூலே எழுதினார். நாபோத்து பழங்காலத்து மனிதன் என்று எண்ணி ஆறுதல் கொள்ளாதீர்கள், நாள்தோறும் ஒரு நாபோத்து நிலமிழக்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் மேலும் ஒரு படி போகிறார். ஏழைக்குச் செல்வன் தருவது தன் பொருளன்று, ஏழையின் பொருளையே திருப்பித் தருகிறான் என்கிறார். அவர் காலத்தவரான செசரியா பசிலியாரும் அவ்வாறே கருதினார். 369ஆம் ஆண்டையொட்டி கப்பதோக்கியாவைப் பஞ்சம் வாட்டியபோது, களஞ்சியத்தைப் பூட்டி வைத்து விலையேற்றத்துக்குக் காத்திருந்தோரை அவர் திருடர் வரிசையில் சேர்த்தார். பூட்டிய களஞ்சியத்தைத் திறக்கச் சொன்னதோடு பசித்தோருக்கு உணவளிக்கவும் ஏற்பாடு செய்தார். பேச்சும் செயலும் ஒருசேர நின்றதால்தான் அவர் சொல்லுக்கு எடை இருந்தது.

சாக்கும் எடையும்

காப்பி அறுவடைக் காலத்தை அருகிருந்து பார்த்தவர்களுக்கு அடுத்துச் சொல்வது எளிதில் விளங்கும். கார்த்திகையில் தொடங்கி மாசி வரை பழம் பறிப்பு நடக்கும். ஒரே கிளையில் பச்சைக்காயும் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும். சிவந்ததை மட்டும் கிள்ளவேண்டும். அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறையாவது திரும்ப வரவேண்டியிருக்கும். இடுப்பில் கட்டிய பையில் பழம் சேரும். பை நிறைந்ததும் சாக்குக்குப் போகும். மாலையில் எல்லோரும் எடை போடும் இடத்தில் வரிசையாக நிற்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மேஸ்திரி சாக்கைத் தூக்கித் தராசில் வைப்பார்; ரைட்டர் பேரேட்டில் பெயருக்கு நேரே எடையைக் குறிப்பார். ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிப்பது, பச்சைக்காய் கலந்திருந்தால் எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகும். ஐந்தாறு கிலோ பழம் பல்பர் இயந்திரத்தில் தோலுரிந்து, ஊறி, கழுவி, களத்தில் காய்ந்த பின்தான் ஒரு கிலோ காப்பிக்கொட்டை தேறும். நகரத்தில் நாம் குடிக்கும் ஒரு டம்ளர் காப்பியின் நீதியும் அநீதியும் அந்தத் தராசின் முள்ளில் இருக்கின்றன.

மோசேயின் சட்டநூலுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் மூன்று கட்டளைகள் வருகின்றன. அறுவடையில் வயலோரத்தை ஒட்ட அறுக்காமல் எளியவருக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்க வேண்டும். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது. எடைக்கல்லும் முகத்தல் அளவும் நேர்மையாக இருக்க வேண்டும். இணைச்சட்ட நூல் இன்னும் கறாரானது: கூலி கதிரவன் மறையுமுன் கைக்கு வந்துவிட வேண்டும், ஏனெனில் அவன் அதை நம்பியிருக்கிறான். அந்நியருக்கும் இதே சட்டம்தான் என்பது நம் மலைக்கு முக்கியம். கூலிக்கு வரும் மலையாளிப் பெண்கள் பெரும்பாலும் கிறித்தவர் அல்லர். தராசு யாருடைய சமயத்தையும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது.

யாக்கோபின் திருமுகம் இந்த மரபைத் திருச்சபைக்குள் கொண்டுவருகிறது. வயலை அறுத்தவர்களுக்குப் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதை எட்டிவிட்டது என்று அவர் எச்சரிக்கிறார். அந்தப் பணக்காரர் தருமம் செய்தாரா இல்லையா என்ற பேச்சே அங்கு இல்லை.

இந்தக் குரல் நவீன காலத்தில் திருத்தந்தையரின் சுற்றுமடல்களில் மீண்டும் ஒலித்தது. 1891இல் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’, தொழிலாளி சம்மதித்துக் கையெழுத்திட்டான் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது என்று வாதிட்டது. பசிக்குப் பயந்து ஒப்புக்கொண்டது உண்மையான சம்மதம் ஆகாது என்பது அதன் தருக்கம். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1981இல், இரண்டாம் யோவான் பவுல் ஒரு சமுதாயத்தின் பொருளாதாரம் நீதியானதா என்று சோதிக்க நியாயமான கூலியையே உரைகல்லாக வைத்தார். நம் நாட்டில் 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஒரு கிறித்தவத் தோட்ட உரிமையாளர் அக்கடமைகளை நிறைவேற்றும்போது அரசுக்கு அடங்குவதோடு மோசேக்கும் கீழ்ப்படிகிறார்.

எதையும் உடைமையாகக் கொள்ளாதவர்களின் பள்ளிகள்

1894இல் குளூனி புனித சூசையப்பர் சபை அருட்சகோதரிகள் திரு இருதயப் பள்ளியை ஏற்காட்டில் தொடங்கினர். 1917இல் புனித கபிரியேல் சபை அருட்சகோதரர்கள் மான்ஃபோர்ட் பள்ளியை நிறுவினர். நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படித்த, இன்றும் படிக்கிற பள்ளிகள் இவை.

இவ்விரு சபைகளின் மூலவர்களைத் திரும்பிப் பார்ப்பது இங்கே தகும். லூயி மரி கிரிஞ்ஞோன் தே மான்ஃபோர்ட் (1673–1716) இளைஞனாகப் பாரீசுக்குப் படிக்கப் போகும் வழியிலேயே கையிலிருந்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, பிச்சைக்காரர் ஒருவரோடு உடையையும் மாற்றிக்கொண்டு நடந்தவர். புவாத்தியே நகரின் ஏழைகள் விடுதியில் ஊழியம் செய்தவர். அன்னை ஆன் மரி ஜாவுவே (1779–1851) 1807இல் தம் சபையைத் தொடங்கினார். பிரெஞ்சு கயானாவின் மானா குடியேற்றத்தில், அடிமை வணிகத்திலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சொந்தக் காலில் நிற்கும் உழைப்பாளிகளாக விடுதலை பெறத் துணைநின்றார். இவ்விருவரின் ஆன்மிகப் பிள்ளைகள் நடத்தும் பள்ளிகளை இன்று பெரும்பாலும் வசதியுள்ள குடும்பங்கள் நாடி வருகின்றன.

இதை முரண் என்று சொல்லிக் கைகழுவுவது எளிது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த துறவிக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சபைக்குக் கட்டடமும் நிலமும் இருக்கலாம். இந்த இடைவெளி திருச்சபையில் பழைய வழக்கு. கிறிஸ்துவும் திருத்தூதர்களும் எதையும் உடைமையாகக் கொள்ளவில்லை என்று பிரான்சிஸ்கு சபையார் வாதிட, 1323இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் அதை ஏற்க மறுத்தார். உடைமையே பாவம் என்ற முடிவுக்குத் திருச்சபை வரவில்லை. அலெக்சாந்திரியா கிளமெந்தும் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, மீட்படையும் செல்வன் யார் என்ற தம் நூலில் பொருளைக் கருவி என்றே கொண்டார். பிடிமானத்தை விடு, பயனைப் பகிர் என்றார்.

கிளமெந்தின் விளக்கம் செல்வருக்கு இதமானது, ஆகவே ஆபத்தானதும்கூட. மனத்தளவில் பற்றறுத்துவிட்டேன் என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். மனத்துக்குப் பேரேடு கிடையாது. நிறுவனத்துக்கு உண்டு. பள்ளியின் வாயிலை மலையாளிச் சிறுமியர் எத்தனை பேர் மாணவியராகக் கடக்கிறார்கள், சமையற்கூடத்திலும் தோட்டத்திலும் உழைப்பவருக்கு முழுச் சம்பளமும் வைப்பு நிதியும் உண்டா என்று கேட்டால் கிளமெந்தின் கொள்கை சோதனைக்கு வந்துவிடும். இது ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு மட்டுமான கேள்வி அன்று. தமிழகத்தில் திருச்சபை நடத்தும் ஒவ்வொரு கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் உரியது.

இதே வட்டாரத்தில் 1620-களில் சேந்தமங்கலத்திலும் சேலத்திலும் தங்கிய, மதுரை மிஷனின் இயேசு சபைத் துறவி ராபர்ட் தே நொபிலியை நினைக்கலாம். காவி உடுத்து, புலால் விலக்கி, சந்நியாசியாக வாழ்ந்து, துறவை மதிக்கும் தமிழருக்குத் தமிழ் முறையிலேயே துறவைக் காட்டினார். ஆனால் உயர்குடியினருக்கு அருகில் போகும் வழி எளியவரிடமிருந்து விலகும் வழியாகிவிட்டது. அதை ஈடுசெய்யவே அவர் காலத்திலேயே எளியவரிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் என்ற தனி வகைத் துறவியர் உருவாயினர். துறவு மட்டுமே ஏழையின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடாது என்பது மதுரை மிஷன் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

விசுவாசத்தின் கூலியா செல்வம்?

மறுபுறம், விசுவாசம் இருந்தால் வீடும் காரும் வரும், கடன் தீரும் என்னும் ஆசீர்வாத உபதேசம் தொலைக்காட்சி வழியாக மலைக்கிராமங்கள்வரை வந்துவிட்டது. ஏழை அதை நாடுவதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வறுமையில் இருப்பவர் வறுமை நீங்க வேண்டாமா? அதன் பிழை வேறிடத்தில் இருக்கிறது. செல்வம் விசுவாசத்தின் பலன் என்றால், வறுமை அவிசுவாசத்தின் தண்டனை ஆகிவிடும். யோபுவின் நண்பர்கள் சொன்னதும் அதுதான். அந்நூலின் முடிவில் கடவுளே அவர்களைக் கண்டிக்கிறார். மேலும், கூலியைப் பிடித்துவைத்தவனை அந்த உபதேசம் கணக்கிலிருந்து அழகாக நழுவ விட்டுவிடுகிறது. உழைத்தவளுக்குக் குறைந்தது அவள் செபம் குறைந்ததால் என்று ஆகிறது. தராசை யாரும் பார்ப்பதில்லை.

சக்கேயு இதற்கு நேர்மாறான சாட்சி. வரி தண்டுவோரின் தலைவன், செல்வன். இயேசு வீட்டுக்கு வந்ததும் அவன் இரண்டு வாக்குறுதிகள் தருகிறான்: உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காக உரியவருக்கு. நம் மறையுரைகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. இரண்டாம் பாதி இல்லாவிட்டால் முதல் பாதி, பறித்த பொருளில் செய்த தருமம் ஆகிவிடும்.

ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையும் அப்படித்தான். இரண்டு காசு போட்ட அவளை ஈகைக்கு இலக்கணமாகக் காட்டுகிறோம். மாற்கு நற்செய்தியில் அதற்குச் சற்று முன்னால் உள்ளதை வாசிப்பதில்லை: கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். அடுத்த காட்சியிலேயே ஒரு கைம்பெண் பிழைப்புக்கு வைத்திருந்ததையெல்லாம் உண்டியலில் போடுகிறாள். அவளைப் புகழ்ந்த இயேசு, அவளை அந்நிலைக்குத் தள்ளிய ஏற்பாட்டையும் அதே மூச்சில் குற்றஞ்சாட்டினார் என்று வாசிக்க இடமுண்டு.

விழா மலருக்கு ஒரு வேண்டுகோள்

விழா மலர்களின் கடைசிப் பக்கங்களில் நன்கொடையாளர் பெயர்கள் வரிசையாக வரும், தொகையும் இருக்கும். அது மரபு, தொடரட்டும். அத்துடன் ஒவ்வொரு பங்குப் பேரவையும் திருவிழாக் கணக்கை முடிக்கும்போது இன்னொரு பட்டியலையும் போடலாம்: பந்தல் போட்டவர், மேளம் வாசித்தவர், சமைத்தவர், தெருவைக் கூட்டியவர் ஆகியோருக்குக் கூலி எவ்வளவு, எந்த நாளில் தீர்ந்தது? பொழுது சாயுமுன் தீர்ந்திருந்தால் இணைச்சட்டம் நிறைவேறியது. தீராமல் இருந்தால், உண்டியலை எண்ணத் தொடங்குமுன் அதைத் தீர்த்துவிடுவதே அந்த ஆண்டின் முதல் காணிக்கை.