முதல் வரிசை

இராமேசுவரம் என்றவுடன் நினைவுக்கு வருவது எது? நீண்ட பிரகாரம், நெடிய கோபுரம், பாவம் தீர மூழ்கும் தீர்த்தங்கள்! ஆனால், அதே ஊரின் கடற்கரைக்கு 1940-களின் தொடக்கத்தில், ஒரு மாலைப் பொழுதில், பாவம் போக்க அல்ல, பாடம் கேட்க ஒரு கூட்டம் வந்தது. தொடக்கப் பள்ளி மாணவர் கூட்டம் அது. அழைத்து வந்தவர் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர்.

பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் படம் வரைந்து அவர் விளக்கியிருந்தார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றனர் சிறுவர். அவர் சினம் கொள்ளவில்லை. மண்டையில் ஏறாது என்று பழிக்கவுமில்லை. கடலோரத்தில் பறவைகளையே காட்டினார். சிறகு காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று பறவையை மேலே தாங்குகிறது. வால் திசை திருப்ப உதவுகிறது. மந்திரமில்லை, மாயமில்லை, விசை! அதைக் கண்டு வியந்த சிறுவருள் ஒருவர், 1931-இல் படகுக்காரர் குடும்பத்தில் பிறந்த அப்துல் கலாம். தம் வாழ்வின் குறிக்கோள் அன்று பிறந்தது என்று பின்னாளில் அவரே பலமுறை கூறினார்.

பிறவி மேதை என்பர் சிலர். எல்லாம் தலையெழுத்து என்பதன் மறுபெயரன்றோ அது? அந்தப் பள்ளியின் மற்றொரு நாளைப் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்பு. முதல் வரிசையில் தொப்பி அணிந்த கலாமும், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரியும் அருகருகே அமர்ந்திருந்தனர். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவரின் கண்ணுக்கு மாணவர் இருவர் தெரியவில்லை. தொப்பியும் பூணூலுமே தெரிந்தன. கலாம் பின்வரிசைக்கு அனுப்பப்பட்டார். நண்பனோ கலங்கிப் போனான். செய்தி அறிந்த அவன் தந்தை, கோயிலின் தலைமை அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார்.

சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டிலும் ஒரு சோதனை. தம் மாணவரை அவர் விருந்துக்கு அழைத்தார். ஆசாரமான சமையலறையில் பரிமாற மனைவியார் மறுத்தார். ஐயரே பரிமாறினார்; அருகில் அமர்ந்து உண்டார்; அடுத்த வாரமும் வரச் சொன்னார். அப்போது அம்மையாரே பரிமாறினார். பழக்கம் பாறையன்று, தட்டினால் அசையும்!

நல்லவர் இருவர் இருந்தனர், நன்மை விளைந்தது. போற்றுவோம். ஆனால், எண்ணிப் பாருங்கள்: கண்டிக்க ஓர் அர்ச்சகரும், அழைக்க ஓர் ஐயரும் இல்லாத ஊர்களில் பின்வரிசைக்குத் துரத்தப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் எழுதாமற் போன தேர்வுகள் எத்தனை? ஒரு மாணவனின் உரிமை, ஒரு பெரிய மனிதரின் உள்ளம் கனிவதைப் பொறுத்திருக்கலாமா?

தீவில் தொடங்கிய படிப்பு இராமநாதபுரத்தில் தொடர்ந்தது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலமே அன்று கரைக்கு வழி. சாலைப் பாலம் வந்ததோ 1988-இல்தான். 18-ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரத்தில் ஆங்கிலப் பள்ளிக்கு வித்திட்ட சுவார்ட்சு பாதிரியாரின் பெயர் தாங்கிய உயர்நிலைப் பள்ளி அது. அங்கே ஐயாதுரை சாலமன் என்ற ஆசிரியர், விழைவும் நம்பிக்கையும் எதிர்பார்ப்பும் இருந்தால் வெல்லலாம் என்று ஊக்கினார். கணக்காசிரியர் இராமகிருஷ்ண ஐயர், தவறி வேறு வகுப்புக்குள் நுழைந்த கலாமைப் பிரம்பால் அடித்தார். பின்னர் அதே மாணவர் கணக்கில் முழு மதிப்பெண் பெற்றபோது, தாம் அடித்தவன் பெரியவனாவான் என்று பெருமை பேசினார். பிரம்பா பெற்றுத் தந்தது அந்த மதிப்பெண்ணை? பிரம்பு அச்சம் தரும், அறிவு தருமா?

கல்விக்கு விலையும் உண்டு. சென்னையில் பொறியியல் பயில இடம் கிடைத்தது, கட்டணத்துக்குப் பணமில்லை. அக்காள் சொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம்பிக்காகக் கழன்றன வளையல்கள். அவற்றை அணிந்திருந்த கைகளுக்கும் கல்லூரி வாசலைத் திறந்துவிட அன்றைய சமுதாயம் எண்ணியதா?

1979 ஆகஸ்டு 10. கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் விழுந்தது. கிரகக் கோளாறு என்று எவரும் அறிக்கை எழுதவில்லை. ஆராய்ந்தனர், இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்தது கண்டனர். திருத்தினர். 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதை சேர்ந்தது! கலாம் இறைநம்பிக்கை உடையவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கசிவைக் கண்டுபிடித்தது ஆராய்ச்சி. புரியவில்லை என்று சொல்லவும், ஏன் என்று கேட்கவும் கடற்கரையில் கற்ற பாடத்தின் தொடர்ச்சி அது.

தோழர்களே, 2015-இல் மறைந்த அவருக்கு மண்டபம் எழுந்தது, மாலைகள் குவிகின்றன. நாம் செய்யத்தக்கது வேறொன்று. நம் ஊர்ப் பள்ளிக்குள் நுழைவோம். ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா? புரியவில்லை என்று கூறும் பிள்ளைக்குக் கிடைப்பது விளக்கமா, வசையா? பின்வரிசையில் இருப்பவர் யார்; அங்கே அவரை அமர்த்தியது எது? விடை கிடைக்கும்வரை கேட்போம். வரிசை மாறட்டும், வானம் வசமாகும்!