வழுக்கும் தளமும் அம்மி கொத்தும் உளியும்

வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊர் நம்முடையது. சிம்மக்கல்லில் இருந்துகொண்டு பாய்மரப் படகைப் பற்றி எழுதுகிறேனே என்று சிரிக்காதீர்கள். முப்பத்தொரு வருடம் பெயிண்ட் கம்பெனி உத்தியோகம். அதில் பாதி தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் படகுக்காரர்களோடு கழிந்தது.

மரப்படகு காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. தேக்குத் தளம் நனைந்தாலும் காலைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களில் மணற்கல்லால் தளத்தைத் தேய்ப்பதே மாலுமிகளுக்குத் தினசரி வேலை. 1968-69ல் தனியாளாக, எங்கும் நிற்காமல் முதன்முதலில் உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டனின் 'சுஹைலி' நம் பம்பாயில் தேக்கில் கட்டிய படகு என்பது பலருக்குத் தெரியாது.

ஃபைபர் வந்ததும் கதை மாறியது. 1942ல் அமெரிக்காவில் ரே கிரீன் என்பவர் கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்து ஒரு சிறு படகு செய்தார். பிறகு அச்சில் வார்ப்பதுபோல் படகுகள் வரத் தொடங்கின. 1985 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கிளம்பி 1987 ஜனவரியில் திரும்பிய நம் ராணுவப் பொறியாளர்களின் 'திரிஷ்ணா'வும் ஃபைபர் படகுதான். உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியப் பாய்மரப் படகு அது.

அச்சிலிருந்து வரும் மேற்பூச்சு கண்ணாடி மாதிரி வழவழவென்றிருக்கும். அதனால் கால் வைக்கும் இடங்களுக்கு மட்டும் அச்சிலேயே சின்னச் சின்ன வைரக் கட்டம் செதுக்கிவிடுவார்கள். இருபது முப்பது வருடம் வெயிலும் பாதமும் பிரஷ்ஷும் பட்டால் அது மழுங்கிவிடும். முதலில் தேய்வது பாய்மரத்தடியும் சுக்கான் பக்கமும். அதாவது, ஆள் அதிகம் நிற்கும் இடங்கள்.

எங்கள் தெருவில் முன்பு "அம்மி கொத்தலையோ" என்று குரல் கேட்கும். மழுங்கிய கல்லை உளியால் கொத்தினால் மறுபடி மிளகாய் அரைபடும். ஃபைபரில் அது நடக்காது. மேற்பூச்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. செதுக்கினால் இழை வெளியே வந்துவிடும். எனவே இங்கே எடுப்பதில்லை, சேர்ப்பதுதான் வேலை.

சேர்க்கும் முன் மெழுகைப் போக்க வேண்டும். பாலிஷ் போட்ட மெழுகு தளத்தில் ஊறியிருக்கும். கரைப்பானால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றி, அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். அவசரப்பட்டு முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும்; பெயிண்ட் தோல்தோலாக உரியும். தட்டிப் பார்த்து மந்தமான சத்தம் வருகிற இடத்தில் உள்ளே கட்டை ஊறியிருக்கலாம். அங்கே பெயிண்ட் வைத்தியம் பலிக்காது.

பிறகு எபாக்சி பிரைமர், அதன்மேல் சொரசொரப்புத் துகள் கலந்த பெயிண்ட். மணல் போதாதா என்பார்கள். காலைப் பிடிக்கும்தான், ஆனால் பாய் மாற்ற முட்டி போடுகிறவனின் தோலையும் எடுத்துவிடும். அதனால் உருண்டையான பிளாஸ்டிக் துகளே எனக்குப் பிடிக்கும்.

ஒருமுறை பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியவர், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தளம் முழுக்கப் பளபளக்கும் எனாமல் அடித்துவிட்டார். துறைமுகத்தில் நிற்கும்போதே, அலைகூட இல்லாத காலையில், உதவிக்கு வந்த பையன் வழுக்கிக் கம்பிக்கு அடியில் போய்த் தண்ணீரில் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. நடுக்கடலில் ராத்திரியில் என்றால் ஆளே கிடைத்திருக்க மாட்டான்.

எனாமலைச் சுரண்டி எடுக்கவே நாலு நாள் ஆனது. துகள் வரவழைக்க நேரமில்லை என்றார் உரிமையாளர். கூட இருந்த வயதான பெயிண்டர் புதுப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த உப்பைத் தூவினார். காய்ந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவ, உப்பு கரைந்து தளமெங்கும் பொடிப்பொடிக் குழிகள். வெளிநாட்டுப் படகுக்காரர்களும் செய்கிற உபாயம்தான். தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? செலவு ஒரு படி உப்பு. கட்டு பிரித்த பிறகு அந்தப் பையனே வந்து, ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு வெறுங்காலோடு முன்னும் பின்னும் நடந்து பார்த்தான்.