பல்லறை இசை அமைப்பு (புதுச்சேரி)

பல்லறை இசை அமைப்பு என்பது ஒரு வீட்டின் பல அறைகளில் ஒரே பாடலையோ, அறைக்கொரு பாடலையோ ஒலிக்கச் செய்யும் ஏற்பாடு. இணையத்திலிருந்தோ வீட்டுச் சேமிப்பிலிருந்தோ வரும் இசை, கம்பி அல்லது வைஃபை வழியாக ஒவ்வோர் அறையின் ஸ்பீக்கரையும் அடைகிறது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் எந்தக் கருவியை வாங்குவது என்பதைச் சுவரும் முற்றமுமே முடிவு செய்கின்றன.

முன்வரலாறு

சந்தா கட்டி வீட்டிலிருந்தபடியே இசை கேட்கும் முறைக்கு முன்னோடி பிரான்ஸ். 1881ஆம் ஆண்டு பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அடேர் என்னும் பொறியாளர், ஓபரா மேடையில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே பாட்டைக் கண்காட்சி அரங்குக்குக் கொண்டுவந்தார். காதுக்கு ஒன்றாக இரண்டு செவிக்கருவிகளை வைத்துக் கேட்டவர்களுக்குப் பாடகர் நிற்கும் திசைகூடப் புலப்பட்டது. 1890இல் இது ‘தெயாத்ரோபோன்’ என்ற வணிகச் சேவையானது. எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் 1911இல் இதன் சந்தாதாரர். வானொலி பரவிய பின் 1932இல் இச்சேவை நின்றது.

சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924இல் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், பணமின்றி 1927இல் முடங்கியது. அதன் கருவிகளைப் பெற்ற மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. ஓரிடத்தில் பாடுவதைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் கேட்கும் வாய்ப்பு இவ்வாறு பொதுவெளிக்கும் கிடைத்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் மாநகராட்சி விலகிக்கொண்டது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1இல் இந்தியாவிடம் வந்தது. வானொலி நிலையம் 1967இல் வந்தது. அக்கால வால்வு ரேடியோக்கள் பலவற்றின் பின்புறம் வெளி ஸ்பீக்கருக்கான துளை இருந்தது. அதிலிருந்து கம்பி இழுத்து அடுத்த அறையில் இன்னொரு ஸ்பீக்கரை வைத்தால் பல்லறை இசை தயார். கனத்த ஒலிக்காக ஸ்பீக்கரை மண்பானை வாயில் பொருத்தும் வழக்கமும் தமிழர் வீடுகளில் இருந்தது.

வீட்டு வகைகள்

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரப் பகுதியில் உயர்ந்த கூரையும் தோட்டமும் மதிலும் கொண்ட நேர்த்தியான பிரெஞ்சு வீடுகள் உள்ளன. மேற்கே திண்ணை, தாழ்வாரம், முற்றம் கொண்ட தமிழ் வீடுகள். கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மாடி பிரெஞ்சு முறையிலும் அமைந்த கலப்பு வீடுகள் மூன்றாம் வகை. வைசியாள் வீதியில் இத்தகைய வீடுகளின் முகப்பைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

மூன்று வகையிலும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட தடித்த சுவர்கள் வைஃபை அலையை மங்கச் செய்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4 கிகாஹெர்ட்ஸைவிட விரைவில் தளர்கிறது. முற்றத்து வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அறைகள் எல்லாம் முற்றத்தை நோக்கித் திறப்பதால் எல்லா ஸ்பீக்கர்களின் ஒலியும் அங்கே கலக்கிறது. ஒலி 10 மீட்டர் கடக்க ஏறத்தாழ 29 மில்லி செகண்டு ஆகும். அதோடு கருவிகளின் தாமதமும் சேர்ந்தால், மிருதங்கத்தின் ஒரே அடி இரண்டாகக் கேட்கும். புளூடூத் ஸ்பீக்கர்களில் இந்தக் கருவித் தாமதம் கூடுதல் என்பதால் அவை இங்கே பொருந்துவதில்லை.

அமைக்கும் முறை

ஒரு ரவுட்டரை மூலையில் வைத்து வீடு முழுதும் எட்டும் என எதிர்பார்ப்பது வீண். கேட்-6 கேபிளை ஒவ்வோர் அறைக்கும் இழுப்பதே சரியான முறை. ஓர் இழுப்பு 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மரபுக் கட்டடத்தின் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தாமல், சுவரின் மேலேயே கேசிங்-கேப்பிங் பட்டியில் கேபிளைக் கொண்டுசெல்லலாம். குறுந்தகட்டுத் தரத்தில் ஓர் இசை ஓடைக்கு (ஸ்ட்ரீம்) நொடிக்கு 1.4 மெகாபிட் போதும். நான்கு அறைக்கும் சேர்த்து நொடிக்கு 6 மெகாபிட்டைத் தாண்டாது. உப்புக்காற்று செம்பு முனைகளை அரிப்பதால் இணைப்புகளைத் திண்ணையிலோ திறந்த மாடியிலோ விடக்கூடாது.

கருவிகளில் சோனோஸ் (முதல் விற்பனை 2005), ஆப்பிளின் ஏர்பிளே 2 தொழில்நுட்பம் (2018) கொண்ட ஸ்பீக்கர்கள் ஆகியவை விலை மிகுந்தவை. ராஸ்பெர்ரி பை கணினியில் ஸ்னாப்காஸ்ட் என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவினால் அறைகளின் கடிகாரங்களை ஒத்திசைத்து அதே பயனைக் குறைந்த செலவில் பெறலாம்.

இன்றைய நிலை

கைப்பேசிச் செயலிகளின் வரவால் இவ்வமைப்பு இப்போது எளிதாகிவிட்டது. பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகியுள்ளன. சொந்த வீட்டில் பாட்டுக் கேட்க உரிமம் வேண்டாம். ஆனால் விடுதி அறைகளுக்கு ஒரே நேரத்தில் இசையைச் செலுத்துவதைப் பொதுமக்களுக்கு வழங்குவதாகவே 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கருதுகிறது. அதற்கு உரிமம் பெற வேண்டும்.