1967: ஒரு வருடத்துச் செய்திகள்

1967 என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நம் ஊர்ப் பக்கம் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "காமராஜரையே தோற்கடிச்ச வருஷம்."

வத்திராயிருப்பில் பிறந்தவனுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் என்று எங்கே அரசியல் பேச்சு வந்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். சிலர் வருத்தமாகச் சொல்வார்கள், சிலர் பெருமையாக. "இவ்வளவு செஞ்ச மனுஷனுக்கே ஓட்டுப் போடலையே" என்று என் தாத்தா இன்றும் ஆதங்கப்படுவார். அந்த வருடத்தில் அப்படி என்னதான் நடந்தது? பழைய பேப்பரை முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம் வரை புரட்டுவது போல ஒரு முறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அதுதான் இந்தக் கட்டுரை.

ஜனவரியிலிருந்தே ஆரம்பிப்போம்.

ஜனவரி 12 மாலை, சென்னை ராமாபுரம் வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா துப்பாக்கியால் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். மறுநாள் ஜனவரி 13, எம்.ஜி.ஆர் நடித்த "தாய்க்குத் தலைமகன்" பொங்கல் வெளியீடாகத் தியேட்டருக்கு வந்தது. நாயகன் ஆஸ்பத்திரிப் படுக்கையில், படம் திரையில்!

அதே ஜனவரி 13 அன்று சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. ஹால், கிரிஃபித், சோபர்ஸ், கிப்ஸ் பந்து வீச, ஃபரூக் எஞ்சினியர் மதிய உணவுக்கு முன்பே 94 ரன் எடுத்துவிட்டார். இன்னும் ஆறு ரன் எடுத்திருந்தால் முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன் சதம் என்ற அபூர்வ சாதனை. கடைசியில் 109-இல் அவுட். இந்தியா 404, அவர்கள் 406. இரண்டாவது இன்னிங்ஸில் நாம் 323. அவர்களுக்கு 322 ரன் இலக்கு. 193 ரன்னுக்கு ஏழு விக்கெட் போய்விட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் சோபர்ஸும் கிரிஃபித்தும் நங்கூரம் போட்டு நின்றார்கள். சோபர்ஸ் 74, கிரிஃபித் 40, இருவருமே அவுட் ஆகவில்லை. 270-க்கு 7, மேட்ச் டிரா.

ஒரே ஊரில், ஒரே வாரத்தில், ஒரு பக்கம் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம், மறுபக்கம் சேப்பாக்கத்தில் கூட்டம், நடுவில் பொங்கல். அடுத்த மாதம் தேர்தல்!

கட்டுப் போட்ட கழுத்தோடு எம்.ஜி.ஆர் இருக்கும் படம் தேர்தல் சுவரொட்டியாகி ஊர் ஊராகப் போனது. அவர் படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். "தி.மு.க. ஜெயித்ததற்கு அந்தத் துப்பாக்கிக் குண்டுதான் காரணம்" என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே?

1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆனது. நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. அரிசி கிடைப்பதே பெரும்பாடு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயமும் ஆறவில்லை. இந்தச் சமயத்தில்தான் அண்ணா "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார். ரேஷன் வரிசையில் நிற்பவனுக்கு இதைவிட நேரடியாக ஒரு வாக்குறுதி கொடுக்க முடியாது.

கூட்டணிக் கணக்கும் சாதாரணமானது அல்ல. தி.மு.க.வோடு ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் எல்லாம் சேர்ந்தன. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜி. அதை எதிர்த்துக் கிளம்பிய தலைமுறையோடுதான் 1967-இல் அவர் கைகோர்த்தார். அரசியலில் எதுவும் நடக்கும் என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை :-)

முடிவு தெரிந்ததுதான். தி.மு.க. 137 இடம், காங்கிரஸ் 51. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். விருதுநகரில் காமராஜரை பெ.சீனிவாசன் தோற்கடித்தார். 1965 போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர் அவர். வித்தியாசம் 1,285 ஓட்டு.

நான் காமர்ஸ் படிப்பவன், எண்களைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. இதைப் பாருங்கள்:

1962: காங்கிரஸ் 46.14 சதவீதம், 139 இடம். தி.மு.க. 27.10 சதவீதம், 50 இடம்.
1967: காங்கிரஸ் 41.10 சதவீதம், 51 இடம். தி.மு.க. 40.69 சதவீதம், 137 இடம்.

கவனித்தீர்களா? 1967-இல் அதிக சதவீத ஓட்டு வாங்கிய தனிக்கட்சி காங்கிரஸ்தான்! காரணம், காங்கிரஸ் 232 தொகுதிகளில் நின்றது, தி.மு.க. 174-இல்தான் நின்றது. மற்ற இடங்களில் கூட்டணிக் கட்சிகள் நின்றன. 1962-இல் சிதறிக் கிடந்த எதிர்ப்பு ஓட்டு இந்த முறை ஒரே பெட்டியில் விழுந்தது. காங்கிரசுக்குக் குறைந்தது ஐந்து சதவீதம்தான். ரூபாய்க்கு ஐந்து பைசா வியாபாரம் குறைந்ததற்குக் கடையையே மூட வேண்டி வந்த கதை.

அப்படியானால் "தமிழ்நாடே காமராஜரைக் கைவிட்டது" என்பது எவ்வளவு தூரம் சரி? பத்தில் நான்கு பேர் அப்போதும் அவர் கட்சிக்குத்தான் போட்டிருக்கிறார்கள். விருதுநகரில் 643 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். "நன்றி கெட்ட ஜனங்க" என்று மொத்தமாகத் திட்டுவதும் தவறு, "ஒட்டுமொத்தத் தமிழனும் ஒரே நாளில் விழித்தெழுந்தான்" என்று மேடையில் முழங்குவதும் தவறு. தாத்தாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோத்தது தோத்ததுதானடா" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். அதைப் புரிந்துகொள்ள அந்த வருடத்தில் கிரேக்க நாட்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

ஜனநாயகம் என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த நாடு. அங்கும் 1967-இல் தேர்தல், மே 28 என்று நாள் குறித்திருந்தார்கள். ஆனால் ஏப்ரல் 21 அதிகாலையில் ஏதென்ஸ் தெருக்களில் டாங்கிகள் வந்தன. சில ராணுவ கர்னல்கள் ஆட்சியைப் பிடித்து, அரசியல் தலைவர்களைக் கைது செய்தார்கள். தேர்தல் நடக்கவே இல்லை. டிசம்பரில் மன்னர் ஒரு எதிர்ப்புரட்சி செய்து பார்த்துத் தோற்று, நாட்டை விட்டே ஓடினார். 1974 வரை ராணுவ ஆட்சிதான்.

இங்கே? இருபது வருடம் ஆண்ட கட்சி ஓட்டில் தோற்றது. எண்ணினார்கள், அறிவித்தார்கள். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்து, இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னால் நின்ற காமராஜர், 1,285 ஓட்டில் தோற்றதை ஏற்றுக்கொண்டார். மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சர் ஆனார். ஒரு டாங்கியும் வரவில்லை. காமராஜர் ஓடிப்போகவும் இல்லை, 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து மறுபடி பாராளுமன்றம் போனார்.

நாம் ஒழுங்கு, கிரேக்கர்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை. 1975-இல் நாமும் நெருக்கடி நிலையைப் பார்த்தோம். 1967-இல் சுலபமாக நடந்த விஷயம், எப்போதும் சுலபமாக நடக்கும் என்று உத்தரவாதம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

மீதி வருடத்தை வேகமாகப் பார்ப்போம். மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தொடங்கியது. மூன்று படி லட்சியமாகவே நின்றுவிட்டது. கஜானா தாங்கவில்லை. ஜூலை 18 அன்று மாநிலத்துக்குத் "தமிழ்நாடு" என்று பெயர் வைக்கச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதே மாதம் இங்கிலாந்தில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் சென்னைக்காரர் வெங்கட்ராகவன் என்று நான்கு சுழல் பந்து வீச்சாளர்களும் ஒன்றாக ஆடிய ஒரே டெஸ்ட் பர்மிங்ஹாமில் நடந்தது. அதிலும் தோல்வி, தொடர் 3-0. செப்டம்பரில் "காவல்காரன்" வந்தது. குண்டடிபட்டு மாறிய குரலோடு எம்.ஜி.ஆர் பேசினார், ஜனங்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

நவம்பரில் வந்த செய்திதான் என்னைப் பொறுத்தவரை வருடத்தின் பெரிய செய்தி. சுயமரியாதைத் திருமணச் சட்டம். புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்ட கல்யாணங்கள் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. செல்லாது என்றால் மனைவிக்கு உரிமை? பிள்ளைக்குச் சொத்து? எல்லாமே கேள்விக்குறி. அந்தச் சட்டம் புதிதாக நடக்கும் திருமணங்களை மட்டும் அல்ல, அதற்கு முன் நடந்தவற்றையும் செல்லும் என்றது. எத்தனையோ வீடுகளில் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

இப்படி ஒரு வருடத்தை வரிசையாகப் பார்த்தால், அது ஒரே ஒரு வாக்கியத்துக்குள் அடங்க மறுக்கிறது. துப்பாக்கி, கிரிக்கெட், அரிசி, கல்யாணம், 1,285 ஓட்டு, எல்லாமே சேர்ந்ததுதான் 1967. ஆனாலும் எனக்கு ஒன்று மட்டும் தனியாகத் தெரிகிறது. ஜெயித்தவர்கள் பெயரை எல்லோரும் சொல்கிறோம். தோற்ற பிறகு பேசாமல் எழுந்து இடம் விட்டவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஏதென்சுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

உங்கள் வீட்டில் அந்த வருடம் ஓட்டுப் போட்டவர்கள் இன்னும் இருந்தால், இப்போதே கேட்டுவிடுங்கள். அப்போது 21 வயது ஆனால்தான் ஓட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதிக நாள் இல்லை.