தகடு இல்லாத கார்

நான்கு ரிவெட் துளைகள் மட்டும்தான் இருந்தன. சேஸிஸ் எண் பொறித்த தகடு அங்கேதான் இருந்திருக்க வேண்டும். துளைகளுக்குள் பெயின்ட் வழிந்து காய்ந்து கிடந்தது. அப்படியானால் தகட்டைக் கழற்றிப் பல காலம் ஆகிறது.

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர், பழைய கார்களுக்கான பந்தயங்களில் ஓட்டலாம் என்று வாங்கிய ஒற்றை இருக்கைக் கார் அது. 1967-ஆம் ஆண்டு லோட்டஸ் 51, ஃபார்முலா ஃபோர்டு வகை என்று சொல்லி விற்றிருந்தார்கள். கார் அதைவிட மூத்தது என்று நண்பருக்கு ஒரு குறுகுறுப்பு. மூத்தது என்றால் சேரவேண்டிய பந்தயம் மாறும், பூட்டவேண்டிய என்ஜின் மாறும், விலையும் மாறும். பழைய காகிதங்களைக் கிளறுவது என் வேலை என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

நம் ஊரில் இரண்டு சென்ட் நிலம் வாங்கினாலும் மூலப்பத்திரம் கேட்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். சாலையில் ஓடும் காருக்கும் பதிவுப் புத்தகம் உண்டு. பந்தயக் காருக்கு இரண்டும் இல்லை. டிரெய்லரில் ஏறிப் போகும், ஓடும், டிரெய்லரிலேயே திரும்பும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிவைக்க எந்த அலுவலகத்துக்கும் கடமை இல்லை.

எனவே முதலில் காலத்தை வரிசைப்படுத்தினேன். 1958-இல் இத்தாலியப் பிரபு ஜொவான்னி லுரானியின் முயற்சியில் ஃபார்முலா ஜூனியர் பிறந்தது. இளம் ஓட்டுநர்களுக்கான மலிவான பந்தயம் அது. சாதாரணக் காரின் என்ஜினைத்தான் பூட்ட வேண்டும். 1,000 சிசி வரை என்றால் காரின் எடை 360 கிலோவுக்குக் குறையக்கூடாது, 1,100 சிசி வரை என்றால் 400 கிலோவுக்கு. 1963-உடன் அந்த வகையை மூடிவிட்டார்கள். ஓடுவதற்குப் பந்தயம் இல்லாமல் போன கார்களில் சில ஃபார்முலா 3-க்குப் போயின, சில மலையேற்றப் பந்தயங்களுக்கு. 1967 ஜூலை 2 அன்று இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் ஓடுதளத்தில் முதல் ஃபார்முலா ஃபோர்டு பந்தயம் நடந்தது. ஃபோர்டு கார்ட்டினா ஜிடி என்ஜின், சாலை டயர், ஆயிரம் பவுண்டுக்குள் கார் என்பது அதன் கணக்கு. அந்த விலைக்கும் வழியில்லாதவர் பழைய ஜூனியரை வாங்கி என்ஜினை மாற்றிக்கொள்ளலாம். நண்பரின் சந்தேகத்துக்கு இடம் இருந்தது.

நூலகத்தில் அறுபதுகளின் ‘ஆட்டோஸ்போர்ட்’ இதழ்த் தொகுதிகளை எடுத்துவைத்து, பின்பக்க விற்பனை விளம்பரங்களை வாரம் வாரமாகப் படித்தேன். எத்தனையோ லோட்டஸ்கள் விற்பனைக்கு வந்திருந்தன. நல்ல நிலை, உதிரி சக்கரங்கள் உண்டு, டிரெய்லரும் சேர்த்து என்றெல்லாம் எழுதியவர்கள் சேஸிஸ் எண்ணை மட்டும் எழுதவில்லை. பந்தய நாள் கையேடுகளைப் புரட்டினால் ஓட்டுநர் பெயர், காரின் பெயர், பந்தய எண். அந்த எண்ணும் அன்றைக்கு ஒட்டி மறுநாள் உரிப்பது. மூன்று நாள் முடிவில் என் நோட்டுப் புத்தகம் நிரம்பியிருந்தது. காரைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை.

காகிதம் கைவிட்டதால் கார் நின்ற கொட்டகைக்குத் திரும்பினேன். உள்ளே இருந்தது 1600 சிசி கிராஸ்ஃப்ளோ என்ஜின். ஒரு பக்கம் கார்புரேட்டர், எதிர்ப்பக்கம் புகைக்குழாய். முந்தைய ஃபோர்டு என்ஜின்களில் இரண்டும் ஒரே பக்கம் இருக்கும். 1600 என்ஜின் ஃபார்முலா ஃபோர்டுக்கு வந்ததே முதல் ஆண்டுக்குப் பிறகுதான். ஆனால் பந்தயக் காரில் என்ஜின் என்பது வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரி; அதை வைத்து வீட்டின் வயதைச் சொல்ல முடியாது.

என்ஜினை இறக்கி, ஃபிரேம் குழாய்களைப் பெயின்ட் சுரண்டிப் பார்த்தோம். என்ஜினைத் தாங்கிய பிராக்கெட்டுகள் இரு பக்கமும் ஒரே மட்டத்தில், சாதாரண ஆர்க் வெல்டிங்கில் பிடித்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், முன்பு எவரோ அறுத்துவிட்டுப் போன இரண்டு குட்டை முளைகள். ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே. அவற்றின் அடியில் வெல்டிங் மஞ்சளாக மினுங்கியது. ஃபிரேமின் மற்ற மூட்டுகளிலும் அதே வெண்கலப் பற்றவைப்பு. ஆக, முளைகள் ஃபிரேமோடு பிறந்தவை, பிராக்கெட்டுகள் பிறகு வந்தவை. முளை இரண்டுக்கும் இடையே நூல் கட்டி, பள்ளிக்கூடத்துக் கோணமானியை வைத்தேன். கிட்டத்தட்ட 30 டிகிரி.

காரின் உயரத்தைக் குறைக்க என்ஜினை 30 டிகிரி சாய்த்து வைத்தது 1962-இன் ஃபார்முலா ஜூனியர், லோட்டஸ் 22. லோட்டஸ் 51-இன் பரம்பரையே அதிலிருந்து வந்ததுதான். 51 என்று விற்றவர்கள் பார்வைக்கு ஏமாந்ததில் வியப்பில்லை.

லோட்டஸ் 22 சந்தேகத்துக்கு ஆளானது இது முதல் தடவையும் அல்ல. 1962-இல் ஓட்டுநர் பீட்டர் அருண்டெல் அதில் வென்றுகொண்டே இருந்தார். என்ஜின் வரம்பைவிடப் பெரியது என்று எழுதினார் ஜெர்மன் பத்திரிகையாளர் ரிச்சர்ட் ஃபான் ஃபிராங்கன்பெர்க். லோட்டஸ் அதிபர் காலின் சாப்மன் ஆயிரம் பவுண்டு பந்தயம் கட்டினார். டிசம்பர் குளிரில் இத்தாலியின் மோன்சா ஓடுதளத்தில் அருண்டெல் அதே காரை மறுபடி ஓட்டினார். முன்பைவிட வேகமாகவே ஓடியது. பிறகு என்ஜினைப் பிரித்து அளந்தார்கள். 1,100 சிசிக்குள்தான் இருந்தது. கேள்வி கேட்டவர் பணத்தைக் கட்டினார். அன்றும் வழக்கு தீர்ந்தது ஸ்பானராலும் அளவுகோலாலும்தான்.

நண்பர் காரை ஜூனியராக மாற்றும் வேலையில் இறங்கினார். ஃபோர்டு ஆங்லியாவின் 105ஈ என்ஜினைத் தேடிப் பிடித்தார். அன்று இல்லாத பெல்ட், தீயணைப்பான் எல்லாம் இன்றைய பாதுகாப்புக்காகச் சேர்ந்தன. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் வரலாற்றுக் கார் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பம் தயாரானது. அந்தக் காலத்து அமைப்புப்படி கார் இருக்கிறதா என்பதைத்தான் அந்தப் பாஸ்போர்ட் சொல்லும். இது யார் ஓட்டிய கார் என்று சொல்லாது. நான்கு துளைகளின் மேல் புதுத் தகடு அடிக்கலாமா என்று கேட்டார். எந்த எண்ணைப் பொறிப்பது என்று திருப்பிக் கேட்டேன். துளைகள் துளைகளாகவே இருக்கின்றன.

ஒரே மட்டத்துப் பிராக்கெட்டுகளை அறுக்கும் நாளில் நானும் போயிருந்தேன். அடியோடு அறுத்து, அரம் போட்டு வழவழப்பாக்கத்தான் நினைத்திருந்தார். பிளேடை வைக்கும்போது கை நின்றது. விரல் நகம் அளவு விட்டு அறுத்தார். முன்பு ஒருவர் சோம்பலில் விட்டுப்போன இரண்டு முளைகள்தான் எங்களுக்கு மூலப்பத்திரமாயின. இந்தக் கார் ஃபார்முலா ஃபோர்டாக ஓடிய காலத்துக்கும் அப்படி ஏதாவது வேண்டாமா?