அமெரிக்க மாணவர் கடன்

அமெரிக்க மாணவர் கடன் என்பது, அந்நாட்டில் கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்புக்காக மாணவர்களும் பெற்றோரும் கூட்டாட்சி அரசிடமோ தனியாரிடமோ வாங்கும் கடன்களின் தொகுப்பு. இதன் நிலுவை 1.7 லட்சம் கோடி டாலருக்கும் மேல். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் கூடுதலானது கூட்டாட்சி அரசின் கடன். அதை வாங்கியவர்கள் சுமார் 4.3 கோடிப் பேர். மாணவர் கடன் 2010ஆம் ஆண்டில் கடன் அட்டை நிலுவையை விஞ்சியது. அரசு உத்தரவாதம் தந்து, வங்கிகளும் கல்லூரி நிறுவனங்களும் வருவாய் ஈட்டி, படிப்பால் பலன் கிட்டாவிட்டால் இழப்பை மாணவரே சுமக்கும் ஏற்பாடு இது என்பதே இதன் மீதான முதன்மையான குற்றச்சாட்டு.

வரலாறு

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு 1944ஆம் ஆண்டின் சட்டம் கல்விக்கட்டணத்தை உதவித்தொகையாகவே வழங்கியது. அவர்கள் அதைத் திருப்பித் தர வேண்டியிருக்கவில்லை. சோவியத் ஒன்றியம் 1957இல் ஸ்புட்னிக்கை ஏவியதையடுத்து, 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் மாணவர்களுக்குக் கூட்டாட்சிக் கடனை அறிமுகம் செய்தது. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தாம் படித்த டெக்சாஸ் கல்லூரியிலேயே 1965 நவம்பர் 8 அன்று உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வங்கி கடன் தரும், கடன் திரும்பி வராமல் போனால் அரசு ஈடுகட்டும் என்ற முறை அதில் பிறந்தது.

வங்கிகளிடமிருந்து மாணவர் கடன்களை வாங்கி, அவற்றுக்கு மேலும் கடன் தரப் பணம் கிடைக்கச் செய்வதற்காக 1972இல் ‘சாலி மே’ என்ற அரசு ஆதரவு நிறுவனம் உருவானது. ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கி, பின்னர் ‘பெல்’ உதவித்தொகை என்று பெயர் பெற்றது. 1970களின் நடுவில் இதன் உச்சத்தொகை, அரசுக் கல்லூரியில் தங்கிப் படிக்கும் செலவில் முக்கால் பங்குக்கு மேல் ஈடுகட்டியது. இப்போது அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டுகிறது. இலவசக் கல்விக்குப் பேர்போன நியூயார்க் மாநகரப் பல்கலைக்கழகமும் மாநகரின் நிதி நெருக்கடியால் 1976இல் கட்டணம் வாங்கத் தொடங்கியது. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் பல மாநிலங்கள் பல்கலைக்கழக மானியத்தைக் குறைத்தன. கட்டணம் உயர்ந்தது, இடைவெளியைக் கடன் நிரப்பியது.

வட்டியும் திருப்பிச் செலுத்தலும்

வருமானத்துக்கேற்பத் தவணையை நிர்ணயித்து, 20 அல்லது 25 ஆண்டுகளுக்குப் பின் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டங்கள் உள்ளன. ஆனால் தவணை வட்டியைவிடக் குறைவாக இருந்தால் நிலுவை ஏறிக்கொண்டே போகும். வட்டி மானியம் இல்லாத 30,000 டாலர் கடனை எடுத்துக்கொள்ளலாம். 6 விழுக்காட்டில் மாத வட்டி 150 டாலர். வருமானப்படி மாதத் தவணை 90 டாலர் என்றால் 60 டாலர் வட்டி பாக்கி நிற்கும். ஐந்து ஆண்டுகளில் 5,400 டாலர் கட்டிய பிறகும் நிலுவை 33,600 டாலராகிவிடும். கடனாளி திட்டத்தைவிட்டு வெளியேறும்போது பாக்கி வட்டி அசலுடன் சேர்க்கப்பட்டால், அதன்பின் மாத வட்டியே 168 டாலர்.

திவால் சட்டமும் கைகொடுப்பதில்லை. 1976இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டின்படி, திருப்பிச் செலுத்தத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் கடந்தால் திவால் மூலம் மாணவர் கடனிலிருந்து விடுபடலாம். 1990இல் அது ஏழு ஆண்டானது. 1998இல் அந்த வழியே அடைபட்டது. 2005இல் இதே நிலை தனியார் கல்விக்கடனுக்கும் விரிந்தது. ‘மிதமிஞ்சிய இன்னல்’ என்று நீதிமன்றத்தில் நிறுவினால் மட்டுமே விடுதலை உண்டு. கூட்டாட்சிக் கடனை வசூலிக்கக் காலவரம்பும் இல்லை. முதியோரின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில்கூடப் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தருகிறது.

கறுப்பின மாணவர்களை இச்சுமை கூடுதலாக அழுத்துகிறது. புரூக்கிங்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டம் பெற்ற நான்கு ஆண்டுகளில் அவர்களின் சராசரிக் கடன் வெள்ளையின மாணவர்களின் கடனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

கடன் நிறுவனங்கள்

சாலி மே 1997இல் தனியார்மயமாகத் தொடங்கி 2004 இறுதிக்குள் முழுத் தனியார் நிறுவனமானது. கடன் நிறுவனங்கள் தம்மைப் பரிந்துரைக்கும் பல்கலைக்கழகங்களுக்கு வருவாயில் பங்கு தந்ததையும், நிதியுதவி அதிகாரிகள் சிலர் கடன் நிறுவனத்தின் பங்குகளையே வைத்திருந்ததையும் 2007இல் நியூயார்க் மாநில அரசு வழக்குரைஞர் ஆண்ட்ரூ குவோமோ நடத்திய விசாரணை வெளிக்கொணர்ந்தது. வங்கிகள் வழியாகக் கடன் தரும் முறையை 2010ஆம் ஆண்டின் சட்டம் நிறுத்தியது. அதன்பின் அரசே நேரடியாகக் கடன் தருகிறது. எனினும் தவணை வசூலும் கணக்குப் பராமரிப்பும் ஒப்பந்த நிறுவனங்களிடமே உள்ளன. 2014இல் சாலி மேயிலிருந்து பிரிந்த நேவியன்ட், கடனாளிகளை நீண்டகாலத் தவணை ஒத்திவைப்பின் பக்கம் தள்ளியது என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் தொடர்பாக, 2022 ஜனவரியில் 39 மாநிலங்களுடன் 185 கோடி டாலர் மதிப்பிலான உடன்பாட்டுக்கு வந்தது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை.

லாப நோக்கக் கல்லூரிகள்

பங்குச்சந்தையில் பதிவுபெற்ற கல்லூரி நிறுவனங்கள் 1990களில் பெருகின. அவற்றின் வருவாயில் 90 விழுக்காடு வரை கூட்டாட்சிக் கல்வி உதவியிலிருந்தே வர 1998ஆம் ஆண்டு விதி அனுமதித்தது. படைவீரர் கல்விப் பணம் அந்த வரம்புக்குள் எண்ணப்படாததால், முன்னாள் படைவீரர்களைச் சேர்க்க முகவர்கள் போட்டியிட்டனர். 2021ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இந்த ஓட்டையை அடைத்தது.

செனட் உறுப்பினர் டாம் ஹார்கின் தலைமையிலான குழு 30 நிறுவனங்களை ஆராய்ந்து 2012இல் அறிக்கை தந்தது. 2009 நிதியாண்டில் அவை விளம்பரத்துக்கும் மாணவர் சேர்க்கைக்கும் 420 கோடி டாலர் செலவிட்டன; பாடம் நடத்த 320 கோடி. வேலைவாய்ப்பு விவரங்களைத் திரித்துக் காட்டியதாக நடவடிக்கைக்கு உள்ளான கொரிந்தியன் கல்லூரிகள் 2015இல் மூடப்பட்டன. அங்குப் படித்த சிலர் கடனைக் கட்ட மறுத்துப் போராட்டம் தொடங்கினர். 2022இல் அந்நிறுவன மாணவர்கள் 5.6 லட்சம் பேரின் 580 கோடி டாலர் கடன் தள்ளுபடியானது.

ஆய்விலும் பாடத்திலும் செல்வாக்கு

பல்கலைக்கழகங்களில் தனியார் பணத்தின் செல்வாக்கு மாணவர் கடனோடு நிற்கவில்லை. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் கண்டுபிடிப்புக்குப் பல்கலைக்கழகமே காப்புரிமை பெற்று நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க 1980ஆம் ஆண்டின் பே–டோல் சட்டம் வழிவிட்டது. 1998இல் நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தாவர, நுண்ணுயிரியல் துறைக்கு ஐந்து ஆண்டுகளில் 2.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. துறையின் கண்டுபிடிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உரிமம் பேசும் முதல் வாய்ப்பையும், ஆய்வுத் தேர்வுக் குழுவின் ஐந்து இடங்களில் இரண்டையும் நிறுவனம் பெற்றது.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறைக்குச் தொழிலதிபர் சார்ல்ஸ் கோக்கின் அறக்கட்டளை 2008இல் 15 லட்சம் டாலர் தர ஒப்பந்தம் செய்தது. அப்பணத்தில் நியமிக்கப்படும் ஆசிரியர்களைப் பரிசீலிக்கும் குழுவை அறக்கட்டளையே அமைக்கலாம் என்ற பிரிவு 2011இல் வெளியே தெரிந்து சர்ச்சையானது. கல்விச் சுதந்திரம் மீறப்படவில்லை என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. பின்னர் ஒப்பந்தம் திருத்தப்பட்டது.

கட்டண உயர்வு பற்றிய விவாதம்

தாராளமான கூட்டாட்சி உதவியே கட்டணத்தை ஏற்றுகிறது என்று 1987இல் கல்வித்துறைச் செயலர் வில்லியம் பென்னட் வாதிட்டார். ஆய்வு முடிவுகள் ஒருமுகமாக இல்லை. அரசுக் கல்லூரிகளில் மாநில மானியக் குறைப்பே பெரிய காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். லாப நோக்கக் கல்லூரிகளிலோ, கூட்டாட்சி உதவிக்குத் தகுதி பெற்றவை அத்தகுதி இல்லாத அதே வகைக் கல்லூரிகளைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதலாக வசூலிப்பதைச் பொருளியலாளர்கள் செலீனி, கோல்டின் ஆகியோரின் ஆய்வு கண்டது.

தள்ளுபடியும் புதிய சட்டமும்

கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தவணைகள் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கின. ஒருவருக்கு 10,000 டாலர், பெல் உதவி பெற்றவருக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி செய்ய அப்போதைய குடியரசுத் தலைவர் ஜோ பைடன் 2022இல் அறிவித்த திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 30 அன்று 6–3 என்ற கணக்கில் ரத்து செய்தது. ஏற்கெனவே இருந்த சட்டப் பிரிவுகளின் கீழ் அவரது ஆட்சி 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் 18,000 கோடி டாலருக்கும் கூடுதலான கடனைத் தள்ளுபடி செய்தது.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், பட்டமேற்படிப்புக்கு முழுச் செலவையும் கடனாகத் தரும் திட்டத்தை 2026 ஜூலை 1 முதல் புதிய கடனாளிகளுக்கு மூடுகிறது. அதன்படி பட்டமேற்படிப்புக்கான கடன் மொத்தம் 1 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு வரம்பு 2 லட்சம். கட்டணத்தைக் கட்டுப்படுத்த இது உதவும் என்பது ஆதரவாளர்களின் வாதம். வரம்புக்கு மேல் தேவைப்படுவோர் வருமானத்துக்கேற்ற தவணையோ தள்ளுபடியோ பொதுவாக இல்லாத தனியார் கடனை நாட நேரும் என்கின்றனர் விமர்சகர்கள்.